555 நோட்டிலிருந்து கைப்பேசித் திரைக்கு: இளைஞர் மன்றத்துக்கு ஓர் உறுப்பினர் செயலி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. வாசலில் மேசை போட்டு வருகையைப் பதிவு செய்கிறார்கள். முன்னாள் செயலாளர் என்ற முறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தங்கச்சி வந்து அடையாள அட்டையை நீட்டினார். மடிக்கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. பெயரைத் தட்டினார்கள், அதுவும் வரவில்லை. "பட்டியல்ல பேர் இல்லம்மா, பார்வையாளரா உட்காருங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆண்டு துணைச் செயலாளர் பொறுப்புக்குப் போட்டியிட வந்தவர் அவர். சந்தா கட்டியிருந்தார். ரசீதை வீட்டில் வைத்துவிட்டு வந்ததுதான் அவர் செய்த தவறு. வாக்களிக்க முடியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேநீருக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து தேடியபோது விஷயம் புரிந்தது. அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அவர் 2004இல் பிறந்தவர். அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்குகிறது. எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியத்தைத் தின்றுவிட்டது. 12 இலக்கம் 11 ஆனது. "04" என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயரிலோ, பழைய 555 நோட்டில் இருந்த எழுத்துக்கூட்டல் ஒன்று, அடையாள அட்டையில் இருப்பது வேறொன்று.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "என் பேரு பட்டியல்ல இருக்கா இல்லையான்னு கூட்டத்துக்கு முன்னாடியே நானே பார்த்துக்க வழியில்லையாண்ணே?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் உறுப்பினர் செயலி பிறந்தது. அதன் முகப்பை, அதாவது மக்கள் கண்ணால் பார்த்து விரலால் தொடும் பகுதியை, எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் மன்றத்தில் கணினி படிக்கும் ஒரு தம்பியோ தங்கச்சியோ நிச்சயம் இருப்பார். அவரிடம் இந்தக் கட்டுரையைக் கொடுங்கள். கணினி தெரியாத தலைவர்களும் படிக்கலாம். என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

முகப்பு என்றால் என்ன?

தோட்ட அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கவுண்டர். பின்னால் கோப்புகள் அடுக்கிய அறை. நாம் கவுண்டரில் நின்று கேட்கிறோம். கிராணி உள்ளே போய் எடுத்து வருகிறார். செயலியிலும் இதே அமைப்புத்தான். கவுண்டரை பிரண்ட் எண்ட் என்பார்கள். கோப்பறை பேக் எண்ட். தகவல்கள் உண்மையில் அங்கேதான் இருக்கும்.

முகப்பை எழுத மூன்று மொழிகள் போதும். படிவமும் பட்டியலும் எச்டிஎம்எல். நிறமும் அளவும் சிஎஸ்எஸ். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்ட். ரியாக்ட், வியூ போன்ற கருவிகள் இவற்றின் மேல் கட்டப்பட்டவை. எழுதுகிறவருக்கு ரியாக்ட் பழக்கம் என்றால் அதிலேயே செய்யட்டும். பழக்கமில்லை என்றால் அதற்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஐந்து திரை உள்ள மன்றச் செயலிக்கு வெறும் மூன்று மொழிகளே தாங்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மன்றத்தில் முப்பது நாற்பது பேர்தான் என்றால் கூகுள் படிவமும் ஒழுங்கான ஒரு விரிதாளுமே போதும். கிளைகள் இருந்தால், சந்தா பலர் கைமாறி வந்தால், செயலாளர் அடிக்கடி மாறினால், அப்போதுதான் செயலி தேவைப்படுகிறது.

முதல் வேலை கணினியில் இல்லை, தாளில்

நாங்கள் செய்த முதல் தவறு, நேராகக் கணினியில் உட்கார்ந்தது. அழகான முகப்புப் பக்கம் வந்தது. மன்றச் சின்னம் சுழன்றது. ஆனால் பொருளாளர் கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது "இந்த மாசம் யாரெல்லாம் சந்தா கட்டல?" என்பதற்கு, அதில் பதில் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தாளும் பேனாவுமாக மறுபடி உட்கார்ந்தோம்.

யார் யார் இதைத் திறப்பார்கள், எதற்காகத் திறப்பார்கள் என்று எழுதுங்கள். உறுப்பினர் தன் பெயரையும் சந்தா நிலையையும் பார்க்கத் திறக்கிறார். செயலாளர் புதிய விண்ணப்பத்தை ஏற்கவும் பட்டியலைச் சரிபார்க்கவும் திறக்கிறார். பொருளாளருக்குச் சந்தாப் பதிவு. தலைவருக்கு மொத்தத் தொகையும் எண்ணிக்கையும். இந்த நான்கு பேருக்கும் நான்கு விதமான கவுண்டர் வேண்டும்.

அதன்படி எங்களுக்கு ஐந்து திரைகள் தேவைப்பட்டன: பதிவுப் படிவம், உறுப்பினர் பட்டியல், தனி உறுப்பினரின் பக்கம், சந்தாப் பதிவு, பொதுக்கூட்ட வருகை. இவற்றைத் தவிர எதையும் முதல் ஆண்டில் சேர்க்கவில்லை. படத்தொகுப்பு, வாழ்த்துப் பகுதி எல்லாம் கேட்டார்கள். அதற்குப் புலனக் குழு இருக்கிறது என்று சொல்லிவிட்டோம்.

அடுத்து, ஓர் உறுப்பினர் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்று எழுதினோம். விண்ணப்பித்தவர், செயலவை ஏற்றவர், சந்தா பாக்கி உள்ளவர், விலகியவர், வயது கடந்தவர். இந்த நிலை ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் தெரிய வேண்டும். நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியலாம். "பாக்கி" என்று எழுத்திலேயே போடுங்கள்.

"அழி" என்ற பொத்தானை நாங்கள் வைக்கவே இல்லை. விலகியவரின் பெயரும் விலகிய தேதியோடு இருக்கும். பழைய தகராறு வந்தால் பேச அந்தப் பதிவுதான் நிற்கும்.

பெயர்: நம் மக்களுக்கு ஏற்ற கட்டம்

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் அடையாள அட்டையில் இருப்பது தன் பெயர், பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு தகப்பனார் பெயர். அந்த இரண்டு கட்டத்தைக் கொடுத்தால் ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதுவார். இன்னொருவர் ஏ/எல் என்பதையே அங்கே எழுதுவார். பிறகு செயலாளர் அப்பாக்களுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருப்பார்.

ஒரே கட்டம் வையுங்கள்: "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்". சாய்கோட்டை ஏற்காத படிவங்கள் உண்டு. உங்கள் படிவம் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். கட்டம் நீளமாக இருக்கட்டும். அதற்குக் கீழே, விரும்பினால் எழுதுமாறு, "தமிழில் பெயர்" என்று இன்னொன்று. "எப்படிக் கூப்பிட வேண்டும்" என்று மூன்றாவதாக ஒன்றையும் நாங்கள் வைத்தோம். தோட்டத்தில் பலரை வீட்டுப் பெயரால்தான் தெரியும். முழுப்பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

எழுத்துக்கூட்டலும் நமக்கு ஒரு தலைவலி. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி என்று ஒரே பெயர் மலாய் எழுத்தில் பல விதமாகப் பதிவாகியிருக்கும். பிறப்பைப் பதிந்த நாளில் காதில் விழுந்தபடி எழுதப்பட்டதுதான் பலருக்கு வாழ்நாள் பெயர். அதனால் தேடல் கட்டம் பெயரை மட்டும் நம்பக்கூடாது. கைப்பேசி எண், அடையாள அட்டையின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றாலும் தேட முடிய வேண்டும்.

எண் போல் தெரியும், ஆனால் எண் அல்ல

அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. இந்த எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. ஆகவே அதை எண்ணாக அல்ல, எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும்.

இன்றைய இளைஞர் மன்றத்தில் இது மிக முக்கியம். 2000க்கும் 2009க்கும் இடையில் பிறந்த அத்தனை பேருக்கும் எண் சுழியத்தில்தான் தொடங்குகிறது. 2004 செப்டம்பர் 17இல் பிறந்தவருக்கு 040917. சுழியம் போனால் 40917 என்று ஆகும். ஆண்டு 40, மாதம் 91 என்று கணினி படிக்கும். மன்றத்தில் பாதிப்பேர் காணாமல் போய்விடுவார்கள்.

அஞ்சல் குறியீட்டுக்கும் இதே கதிதான். கெடா, பெர்லிஸ் முகவரிகளில் குறியீடு சுழியத்தில் தொடங்கும். கைப்பேசி எண்ணும் சுழியத்தில் தொடங்குகிறது; அதோடு 012, 016 போன்றவை 10 இலக்கம், 011 என்று தொடங்குபவை 11 இலக்கம். "சரியாக 10 இலக்கம்" என்று படிவத்தில் எழுதினால் 011 வைத்திருப்பவர் பதிவே செய்ய முடியாது.

படிவக் கட்டத்தின் வகையை "நம்பர்" என்று வைக்காமல் "டெக்ஸ்ட்" என்று வைத்து, இன்புட்மோட் என்ற இடத்தில் "நியூமெரிக்" என்று குறிப்பிட்டால் போதும். கைப்பேசியில் எண் விசைப்பலகை வரும், சுழியமும் தப்பும். பயனர் கோடு போட்டு எழுதினாலும், இடைவெளி விட்டு எழுதினாலும் ஏற்றுக்கொண்டு நாமே அவற்றை நீக்கிக்கொள்ள வேண்டும். "கோடு போடாதே" என்று அவரைத் திட்டக்கூடாது.

தவறு இருந்தால் எங்கே, என்ன என்று சொல்லுங்கள். "செல்லாத உள்ளீடு" என்றால் யாருக்கும் புரியாது. "அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம் வேண்டும்; நீங்கள் எழுதியது 11" என்றால் புரியும்.

இங்கே மனம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. நம்மிடையே ஆவணச் சிக்கல் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். நீல அடையாள அட்டை இல்லாதவர்கள், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள். அவர்களை உறுப்பினராக ஏற்கலாமா என்பதை மன்றத்தின் சட்ட விதிகளும் பதிவதிகாரியும் தீர்மானிக்கட்டும். ஆனால் படிவம் அவர்கள் முகத்தில் "தவறு" என்று சிவப்பு எழுத்தில் அடிக்க வேண்டியதில்லை. "அடையாள அட்டை எண் இல்லையா? செயலாளர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்று ஒரு வரி போட்டு, பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

வயது: சட்டம் மாறும், திரையும் மாற வேண்டும்

இளைஞர் மன்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் இளைஞர் மன்றங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் 668 என்று அதைச் சொல்வார்கள். முன்பு இளைஞர் என்றால் 15 முதல் 40 வயது வரை. 2019இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, மேல் வரம்பை 30ஆகக் குறைத்தது. அந்த வரம்பு 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது.

செயலி எழுதுகிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 40 என்ற எண்ணைப் பத்து இடத்தில் எழுதி வைத்திருந்தால், சட்டம் மாறும்போது பத்து இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். ஒன்பதைத் திருத்தி ஒன்றை மறந்துவிடுவோம். வயது வரம்பு, சந்தாத் தொகை, மன்றத்தின் பெயர் ஆகியவற்றை ஒரே கோப்பில் மேலே வைத்துவிடுங்கள். மாற்றம் வந்தால் ஒரு வரிதான்.

வயதை உறுப்பினரிடம் கேட்காதீர்கள். இன்று 22 என்று எழுதுவார். மூன்று ஆண்டு கழித்தும் பட்டியலில் 22 என்றே இருக்கும். பிறந்த தேதியை வைத்து, பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். அடையாள அட்டையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இருக்கிறது. அந்த இரண்டு இலக்கம் நடப்பு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் 19 சேர்க்கவும், இல்லாவிட்டால் 20. 98 என்றால் 1998. 04 என்றால் 2004. இளைஞர் மன்றத்தில் நூறு வயதுக்காரர் இருக்க மாட்டார் என்பதால் இந்தக் கணக்குத் தவறாது.

வயது வரம்பைத் தாண்டப் போகிறவர்களின் பட்டியலை ஓராண்டுக்கு முன்பே செயலாளருக்குக் காட்டும்படி செய்தோம். பத்தாண்டு உழைத்த ஒருவரிடம் கூட்ட மேடையில் வைத்து "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்வது முறையல்ல. முன்கூட்டியே தெரிந்தால் அவருக்கு ஆலோசகர் பொறுப்புத் தரலாம். அவர் வேலையை இன்னொருவருக்குப் பழக்கலாம்.

திரையில் தமிழ்

தமிழும் கணினியும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை இங்கிருந்து உருவாக்கினார். பிறகு செல்லினம் கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது. ஆகவே "தமிழ்ல வராது" என்ற சாக்கு வேண்டாம்.

சில நுணுக்கங்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இடம். மலாயில் "சிம்பான்" என்று அடங்கும் பொத்தான், தமிழில் "சேமிக்கவும்" என்று அகலும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்தால் எழுத்து வெட்டுப்படும். உள்ளே இருக்கும் சொல்லுக்கு ஏற்ப அது விரியட்டும். வரிகளுக்கு இடையிலும் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் கொம்பும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, எண்ணிக்கை. "கார்த்திக்" என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் பத்து. ஒவ்வொரு புள்ளியும் துணைக்காலும் தனியாக எண்ணப்படும். "பெயர் 20 எழுத்துக்குள்" என்று வரம்பு வைத்தால் தமிழ்ப் பெயர் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது, அகரவரிசை. கணினி தன் குறியீட்டு வரிசைப்படி அடுக்கினால் கணேசன் முதலில் வருவார், கண்ணன் பின்னால் போவார். நம் அகராதி முறைப்படி கண்ணன்தான் முன்னால். உலாவியிலேயே மொழிக்கேற்ப அடுக்கும் வசதி இருக்கிறது. மொழி தமிழ் என்று அதற்குச் சொல்லுங்கள். வந்த பட்டியலை ஒரு முறை கண்ணாலும் சரிபாருங்கள்.

பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். திரையில் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் செயலியில் தமிழ், மலாய் இரண்டும் உண்டு. பதிவதிகாரிக்குப் போகும் பட்டியல் மலாயில். உறுப்பினர் பார்ப்பது அவர் விரும்பும் மொழியில்.

சந்தாத் திரை: நட்பைக் காப்பது

மன்றங்கள் உடைவதில் பாதி பணத்தால்தான். திருடியதால் என்று சொல்லமாட்டேன், எழுதி வைக்காததால். ஒருவர் பந்தடிக்கும் திடலில் பத்து ரிங்கிட்டைப் பொருளாளர் கையில் வைத்திருப்பார். பொருளாளர் சட்டைப் பையில் போட்டிருப்பார். அதற்குப் பிறகு இருவருமே உண்மையைத்தான் சொல்வார்கள். ஆனால் சண்டை வரும்.

ஆகவே சந்தாப் பதிவு ஒரு கையால், அரை நிமிடத்தில் முடிய வேண்டும். பெயர், தொகை, ரொக்கமா டுயிட்நவ்வா, பதிவு. அவ்வளவுதான். பதிந்தவுடன் உறுப்பினரின் பக்கத்தில் தேதியோடு தெரிய வேண்டும்.

டுயிட்நவ்வில் செலுத்துகிறவர்கள் திரைப்படத்தைப் புலனத்தில் அனுப்பிவிட்டு "கட்டிட்டேன்" என்பார்கள். அந்தப் படம் ஆதாரம் அல்ல. வங்கிக் கணக்கில் பணம் வந்ததே ஆதாரம். எங்கள் திரையில் "உறுப்பினர் தெரிவித்தது", "பொருளாளர் சரிபார்த்தது" என்று இரண்டு நிலை வைத்தோம். சண்டை பாதியாகக் குறைந்தது.

தொகையை ரிங்கிட்டில் தசமப் புள்ளியோடு சேமிக்காமல் சென்னில் முழு எண்ணாகச் சேமியுங்கள். கணினிக்குத் தசமக் கணக்கில் சிறு பிழை வரும், ஜாவாஸ்கிரிப்டில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. காட்டும்போது மட்டும் ரிங்கிட்டாக மாற்றலாம். பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் "பதிவாகிறது" என்று காட்டி அதை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் இணையம் மெதுவாக இருக்கும்போது மூன்று தடவை அழுத்தி மூன்று ரசீது விழும்.

செம்பனைக்கு நடுவில் இணையம்

நகரத்தில் உட்கார்ந்து வேகமான இணையத்தில் செய்து பார்த்துவிட்டு "நல்லா ஓடுது" என்று சொல்லாதீர்கள். தோட்டத்துக்குப் போங்கள். லயத்தில் ஒரு கோடு வரும், இரண்டு கோடு வரும், மழை வந்தால் ஒன்றும் வராது. பிள்ளைகள் கையில் இருப்பது அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கைப்பேசி.

அதனால் பக்கம் இலேசாக இருக்க வேண்டும். பெரிய படங்கள் வேண்டாம். படிவத்தை நிரப்பும்போதே கைப்பேசியில் வரைவாகச் சேமிக்கட்டும்; பாதியில் இணைப்புப் போனால் மறுபடி முதலிலிருந்து எழுத வைக்காதீர்கள். சர்வீஸ் ஒர்க்கர் என்ற வசதியால் ஒருமுறை திறந்த பக்கம் இணையமில்லாமலும் திறக்கும். பொதுக்கூட்ட வருகைத் திரைக்கு இது மிகவும் தேவை. காலையிலேயே பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு, மண்டபத்தில் இணைப்பு இல்லாமலே வருகையைக் குறித்து, பிறகு அனுப்பலாம்.

ஆனால் பொய் சொல்லாதீர்கள். கோப்பறைக்குப் போய்ச் சேராததைப் "பதிவாகிவிட்டது" என்று காட்டக்கூடாது. "கைப்பேசியில் இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை" என்று காட்டுங்கள்.

பூட்டு கவுண்டரில் இல்லை

புதிதாகச் செயலி எழுதும் தம்பிகள் அதிகம் தவறுவது இங்கேதான். உறுப்பினர்களுக்கு "அனைவர் பட்டியல்" பொத்தானை மறைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கவுண்டரில் திரை போட்டுவிட்டுக் கோப்பறைக் கதவைத் திறந்து வைத்த கதை அது. முகப்பில் எழுதியது எல்லாம் பயனரின் உலாவிக்குப் போய்விடுகிறது. தெரிந்தவர் எவரும் பிரித்துப் பார்க்கலாம். யார் எதைப் பார்க்கலாம் என்ற சோதனை பேக் எண்டில் இருக்க வேண்டும். பயர்பேஸ், சூப்பர்பேஸ் போன்றவற்றில் அதற்கான விதிகளை எழுத இடம் உண்டு. கடவுச்சொல்லையும் இரகசியச் சாவியையும் முகப்புக் கோப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

திரையில் அடையாள அட்டை எண் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. கடைசி நான்கு இலக்கம் போதும். எண்கள் முழுதாக உள்ள பட்டியலைப் புலனக் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கைப்பேசி எண் நான்கும் சேர்ந்து கிடைத்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அது வணிக நடவடிக்கைகளைக் குறித்து எழுதப்பட்டது. இருந்தாலும் அதன் கோட்பாடுகள் மன்றத்துக்கும் நல்ல வழிகாட்டி: எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள், தேவைக்கு மேல் கேட்காதீர்கள், பத்திரமாக வையுங்கள், தன் தகவலைப் பார்க்கவும் திருத்தவும் உரியவருக்கு வழி கொடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் அம்மா அப்பாவின் சம்மதத்துக்கு ஓர் இடம் படிவத்தில் இருக்கட்டும்.

சாவி யார் கையில்?

செயலியை நெட்லிபை, கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் சிறிய அளவுக்கு இலவசமாகவே ஏற்றலாம். சொந்த இணைய முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கொரு கட்டணம். பணத்தைவிடப் பெரிய விஷயம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. எழுதிக்கொடுத்த தம்பியின் சொந்த மின்னஞ்சலில் திறக்காதீர்கள். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். கடவுச்சொல்லும் கூடவே போகும். மன்றத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, குறைந்தது இரண்டு செயலவை உறுப்பினர்களிடம் அதன் பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கு முன்பும் பட்டியலை இறக்கி, ஒரு பிரதி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். தாளுக்கு மின்சாரம் தேவையில்லை.

பழைய நோட்டுகளை ஏற்றும்போது இருவர் உட்காருங்கள்; ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட. எக்செல் கோப்பிலிருந்து ஏற்றுவதானால் அடையாள அட்டை எண் பத்தியை முதலில் எழுத்து வகைக்கு மாற்றுங்கள். 12 இலக்கத்துக்குக் குறைவாக நிற்பவற்றைத் தனியே எடுத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்களுக்கு அதற்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது.

1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றத்தின் வழியில் இந்நாட்டில் இளைஞர் மணிமன்றங்கள் எழுந்தன. அன்று பெயர் பதிவது என்றால் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மைப்பேனா. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குச் சிதறியபோது அப்படிப்பட்ட நோட்டுகள் எத்தனையோ லயத்து வீடுகளோடு போய்விட்டன. அதில் இருந்த பெயர்களும் போயின. உறுப்பினர் பட்டியல் என்பது வெறும் நிர்வாக வேலை அல்ல. இந்த மன்றத்தில் நானும் ஒருவன், நானும் ஒருத்தி என்று சொல்லிக்கொள்ள ஒரு பிள்ளைக்கு இருக்கும் ஆதாரம் அது.

எங்கள் செயலியில் உறுப்பினர் உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது மன்றத்தின் சின்னம் அல்ல. அவர் பெயர், உறுப்பினர் எண், "நீங்கள் வரும் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கலாம்" அல்லது "சந்தா பாக்கி உள்ளது, இந்தத் தேதிக்குள் செலுத்தவும்" என்ற ஒரு வரி. அந்த வரியின் வாசகத்தை எழுதிக்கொடுத்தவர் அன்று பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட அதே தங்கச்சிதான். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வாசல் மேசையில் வருகை பதிந்தவரும் அவரே.